கோமதியின் கார் கடலில் விழுந்த காரணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் இதை எழுதத்தான் உட்காருகிறேன். பேனாவைத் திறந்ததும் வேறு ஏதாவது ஞாபகம் வரும். சரி, இந்த வாரம் இது போகட்டும் என்று அதை எழுதி அனுப்பிவிடுவேன். அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அந்தமானுக்கு வந்தது, இங்கே ஹட் பேயில் எண்ணெய்ப்பனைக் குலை சுமந்தது, நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது, கப்பல் கேண்டீன் சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதித் தீர்த்தாயிற்று. ஒளிந்துகொள்ள இனிமேல் கதை பாக்கி இல்லை.

விளக்கேற்றி, நெற்றியில் நீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடுதலாக ஒரு வார்த்தை வந்தால் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

சிவப்புக் கார்

போர்ட் பிளேரில், மரைன் ஹில் சரிவுக்குக் கீழே, கடலை ஒட்டி ஒரு பழைய சிமெண்டுத் தளம் இருந்தது. ஒரு காலத்தில் மணல் இறக்கி வைத்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ரப்பர் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டு ஒரு ரேஸ் பாதை அமைத்திருந்தார்கள். வருடம் சரியாக நினைவில்லை, ஊரடங்குக்கு முந்தியது. மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. தளம் முழுக்கப் பாசி காய்ந்த வாடை.

அந்தப் பாதையில் என் மைத்துனி கோமதியின் சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. கார் என்றால் நாம் ஏறிப் போகிற கார் இல்லை. ரிமோட்டில் ஓடுகிற ரேஸ் கார். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டாக, துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். ஒவ்வொரு திருகையும் நாமே முடுக்க வேண்டும். ஓடுகிறபோது, மிக்ஸியில் தண்ணீர் விடாமல் தேங்காய் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

இரண்டு சுற்று அழகாக ஓடியது. வளைவில் வால் ஆடாமல் திரும்பியதைப் பார்த்து, "க்யா பாத் ஹை!" என்று ஒருவர் கைதட்டினார். மூன்றாவது சுற்றில், கடல் பக்கத்து வளைவில், கார் திரும்பவில்லை.

"அத்தான், திரும்ப மாட்டேங்குது!" என்றாள் கோமதி. ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி கையை விரித்துக் காட்டினாள். "விட்டுட்டேன்! நான் விட்டுட்டேன், அது நிக்கலையே!"

நிற்காதது மட்டுமில்லை, இன்னும் வேகமெடுத்தது. குழாயில் ஏறி, ஒரு முழம் எழும்பி, தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் போனது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டாங்கச்சி விழுந்த மாதிரி ஒரு 'களுக்'.

கீழே டிங்கிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து கத்தினார்: "அரே தீதீ, காடி நஹானே கயா!" வண்டி குளிக்கப் போய்விட்டதாம். தளத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஒருத்தி கோமதி. இன்னொருவர், அந்த ஓட்டத்தைப் பார்க்கவே வந்திருந்த ராஜாமணி. மூன்றாவது ஆள் நான். கார் ஏன் நிற்கவில்லை என்பது அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

தடுப்புக்குப் பின்னால்

கோமதி என் மனைவி சாந்தியின் தங்கை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மார்க்கெட் பக்கம் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. கடைக்காரர் அவளைப் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். "லேடீஸ் ரிப்பேர் பண்றாங்கன்னு தெரிஞ்சா கஸ்டமர் போனைக் குடுக்க யோசிப்பான்" என்பது அவர் நியாயம். அவள் சரி செய்த போனை முன்னால் எடுத்து வந்து, தானே செய்ததுபோல ஊதித் துடைத்துக் கொடுப்பார்.

"ஒனக்குக் கோபமே வராதா புள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும் அத்தான். ஆனா சால்டரிங் அயர்ன் கையில இருக்கும்போது கோவப்பட்டா நம்ம விரல்தான் வேகும்."

இந்தக் கார் பைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். நான் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தேன். மாற்றலாகி மெயின்லாண்டு போகிற ஓர் ஆபீசர் வீட்டுச் சாமான் கட்டப் போனபோது, பாதி பூட்டிய ஒரு கிட்டைக் காட்டி, "லே ஜாவ்" என்றார். எடுத்து வந்தேன். பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் சில்லறைச் சாமான். எனக்குத் தலை சுற்றியது. கோமதி படம் போட்ட குறிப்புப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, இட்லித் தட்டின் குழிகளில் திருகுகளை அளவுவாரியாகப் பிரித்துப் போட்டாள். நாலே சாயங்காலம். கார் எழுந்து நின்றது.

சாந்திக்கு இட்லித் தட்டு போனதில் ஒரு வாரம் வருத்தம்.

போர்ட் பிளேரில் இந்தக் காரை ஓட்டுகிறவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்கு இருந்தார்கள். ஒருவர் வங்காளி, ஒருவர் தெலுங்கர், இரண்டு பேர் மலையாளி. அவர்கள் ஒவ்வொருவராக வீடு தேடி வந்து, "கோமதி தீதீ ஹை க்யா?" என்று அவளை விசாரிக்க ஆரம்பித்தார்கள். யார் கிட் வாங்கினாலும் பூட்டுவது அவள். என்ன கிட் வாங்குவது என்று சொல்வதும் அவள்.

உப்பைக் கேட்டு வாங்குவது

"மெயின்லாண்டு ஆளுங்க கண்ணால பாத்து வாங்குறாங்க அத்தான். நாம உப்பைக் கேட்டுத்தான் வாங்கணும்" என்பாள்.

கடல் காற்றின் உப்பு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று பார்த்து வாங்க வேண்டுமாம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒருவகைக் கார் தட்டையான பலகை மேல் கட்டியது. பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் ஓடும். பார்க்க ராஜகுமாரன் மாதிரி இருக்கும். ஆனால் திறந்த உடம்பு. மணல் பொடி ஒன்று பெல்ட்டுக்குள் போனால் தீர்ந்தது. இன்னொரு வகை, பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி மாதிரி குழிவான உடம்பு. நடுவில் ஒரு நீளத் தண்டு சுழன்று நாலு சக்கரத்தையும் ஓட்டும். பல்சக்கரங்கள் மூடிக்குள் இருக்கும். கொஞ்சம் மொத்தை. ஆனால் தீவுக்கு அதுதான் என்பாள்.

அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் கையைப் பார்ப்பாள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒரே கை பொருந்துகிற கிட்டாக இருக்க வேண்டும். "எந்தப் பக்கம் ஒடஞ்சாலும் ஒரு ஸ்பேர் போதும். இல்லேன்னா கப்பல் வர்ற வரைக்கும் காருக்கு லீவுதான்."

பெட்டியில் வரும் சாதா இரும்புத் திருகுகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுவாள். பேரிங்குகளை ரப்பர் மூடி வைத்ததாக மாற்றுவாள். மோட்டார் பழைய மாடலே போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பாள்.

பேட்டரிதான் பெரிய பாடு. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கார் பறந்து வரும், பேட்டரி கப்பலில் அசைந்து வரும். கப்பல் தள்ளிப் போனால் அதுவும் தள்ளிப் போகும். அத்தனை நாளும் முழுசாகப் பூட்டிய கார் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். கோமதி போகிற போக்கில் அதன் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டி, அது நிற்கிறவரை காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவாள்.

அவள் மேஜையில் ஒரே ஒரு சட்டம். உப்பு வரக்கூடாது. செருப்புப் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். நான் கிடங்கிலிருந்து வந்து அப்படியே மேஜைப் பக்கம் போனால், "அத்தான், கை!" என்று ஒரு அதட்டல். போய்க் கழுவிக்கொண்டு வருவேன்.

பெயிண்ட் அடிப்பதை மட்டும் எனக்குக் கொடுத்தாள். காரின் மேல் கூடு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கமிருந்து வர்ணம் அடிக்க வேண்டும். அப்போதுதான் வெளியே பளபளப்பு நிற்கும், உரசினாலும் போகாது. நான் பயபக்தியோடு உள்பக்கத்தில் 'முருகன் துணை' என்று எழுதி, சிவப்பை அடித்து, காய வைத்துத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து அத்தனையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி நின்றது.

சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோமதி சொன்னாள்: "விடுங்க அத்தான். முருகன் உள்ள ஒக்காந்து ஓட்டுறாரு. அவருக்குச் சரியாத்தான் தெரியும்."

ராஜாமணி கேட்டது

ராஜாமணி மதுரைப் பக்கத்துக்காரர். பீச் பக்கம் டூரிஸ்டுகளுக்கு ஒரு ரேஸ் பாதை போட வந்திருந்தார். பன்னிரண்டு கார் வேண்டும். வருகிறவர்கள் ரிமோட் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். கிட் தேர்ந்தெடுக்க, பூட்ட, தினமும் பராமரிக்க ஒரு நிரந்தர ஆள் தேடினார். நாலு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, கோமதி பூட்டியிருந்த ஒன்றைத் தூக்கி, திருப்பி, அடிப்பக்கம் பார்த்தார். "நீயாம்மா பண்ணின? ஒங்க அத்தான் பண்ணலையா?"

"எங்க அத்தானுக்கு ரேடியோவுல ஸ்டேஷன் மாத்தக்கூட நான்தான் வரணும்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "சரி. நீ சொல்ற கிட்ல ஒண்ணு பூட்டிக் காட்டு. ஞாயித்துக்கெழம என் பார்ட்னருங்க வர்றாங்க. அவங்க முன்னாடி பத்து சுத்து ஓடுனா வேலை ஒனக்கு. பாதைக்குப் பக்கத்துலயே ரூம் கட்டித் தரேன். முன்னாடியே ஒக்காரலாம். போர்டுல ஒன் பேரு போடலாம்."

அவர் போன பிறகு அவள் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "முன்னாடி ஒக்காரலாமாம்க்கா" என்று சாந்தியிடம் மூன்று தரம் சொன்னாள்.

ராமேஸ்வரத்துப் பாட்டில்

இங்கே என் யாத்திரையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அந்த வருடம் அப்பாவின் திதிக்காக ராமேஸ்வரம் போயிருந்தேன். கப்பலில் சென்னை, அங்கிருந்து ரயில். அங்கே அக்னி தீர்த்தம் என்பது கடலேதான். விடிந்ததும் முங்கினேன். அப்பா பெயரைச் சொல்லி மூன்று முறை முங்கி எழுந்தபோது, அவர் தோளில் பனங்குலை சுமந்த தழும்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரை விட்டு வர மனமில்லாமல் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் கப்பலில் பங்க் வகுப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துவிட்டார். "என்ன பாட்டில் அண்ணே?"

"அக்னி தீர்த்தம்."

"கடல் தண்ணியா? ஏண்ணே, அந்தமான்ல கடல் வத்திப் போச்சா?"

மேல் படுக்கையிலிருந்து இன்னொருத்தர் எட்டிப் பார்த்தார். "கடலைக் கப்பல்ல ஏத்தி, கடல் வழியா, கடலுக்கே கொண்டு போறாரு. ரொம்பப் பெரிய ஏவாரி!"

பங்க் முழுக்கச் சிரிப்பு. நான் கோபப்படவில்லை. சுற்றிலும் கடல் உள்ள ஊரில் இருப்பவனுக்கும் அந்தக் கடல் வேறு. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். நான் எழுதப் போவதை வைத்து யாரும் அந்தத் தீர்த்தத்தைப் பழிக்க வேண்டாம்.

மூன்று உத்தரணி

ஞாயிற்றுக்கிழமை காலை. புது வண்டி எடுத்தால் பூஜை போடாமல் தெருவில் இறக்குவோமா? கோமதியிடம் கேட்டேன்.

"போடுங்க அத்தான். பூ வைங்க, சந்தனம் வைங்க, எல்லாம் மேல் கூட்டுல. தண்ணி மட்டும் வேணாம். சத்தியமா வேணாம்."

"சரிம்மா" என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தால், சக்கரத்தைவிடப் பழம் பெரிது. கார் ஏற மாட்டாமல் நின்றது. கடைசியில் நாலு சுண்டைக்காய் வைத்தேன். "ரேஸுக்குப் போறோமா, வத்தக்குழம்பு வைக்கப் போறோமா?" என்று சாந்தி கேட்டாள். சுண்டைக்காய் பட் பட்டென்று நசுங்கியது. கோமதி கை கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று அவள் முகத்தில் இருந்த தெளிவு இப்போதும் அப்படியே தெரிகிறது.

பிறகு மேல் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள். கார் திறந்து கிடந்தது. நானும் சாமி படமும்தான்.

என் மனம் எப்படிப் போயிற்று என்றால்: பூ, சந்தனம் எல்லாம் மேல் கூட்டுக்குத்தான் கிடைத்தது. ஓடப் போவது உள்ளே இருப்பதல்லவா? அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே உள்ளே இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியில்தானே இருக்கிறது? அப்பாவை நினைத்துப் பிடித்து வந்த தண்ணீர், அவளுக்கு உதவாமல் யாருக்கு உதவப் போகிறது? துளிதானே.

பாட்டிலைத் திறந்தேன். உத்தரணிக் கரண்டியில் எடுத்து, கந்தா, கடம்பா, கதிர்வேலா என்று மூன்று முறை விட்டேன். அந்தக் கறுப்புப் பெட்டியின் தலையில் நகத்தளவு ஒரு காற்றாடி இருக்கும். பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு அளந்து கொடுக்கிற பெட்டி அது. சூடு ஆறுவதற்கு அந்தக் காற்றாடி. தண்ணீர் அதன் இடுக்கில் இறங்கியது. துண்டின் நுனியால் ஒற்றினேன். மேலே காய்ந்தது. உள்ளே போனது போனதுதான்.

அவள் வந்தாள். கூட்டை வைத்து நாலு ஊசிகளைச் செருகினாள். என்னைப் பார்த்து, "என்ன அத்தான், இப்படி வேர்க்குது?" என்றாள்.

"கற்பூரச் சூடு."

அந்த இரண்டு வார்த்தைதான். அப்போது சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், கூட்டைத் திறந்திருப்பாள். அவள் பெட்டியில் புதுசாக இன்னொரு கறுப்புப் பெட்டி ஸ்பேராக இருந்தது. மாற்ற அரை மணி நேரம் ஆகியிருக்கும். சொன்ன சொல்லை மீறிவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டேன். மூன்று துளிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காரைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கடல் மூடிய சாட்சி

கடலில் விழுந்த காரைத் தண்ணீர் வற்றும் நேரத்தில் டிங்கிக்காரர் எடுத்துத் தந்தார். இடுக்கெல்லாம் உப்பும் சேறும். ராஜாமணியின் பார்ட்னர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் ராஜாமணி. "டூரிஸ்டுங்க கொழந்த குட்டியோட வருவாங்க. கைய விட்டாலும் நிக்காத வண்டி கால்ல ஏறுனா நான் என்ன பதில் சொல்ல? ஒரு வயர் லூஸா இருந்தாக்கூட இப்படி ஆகும்ங்கறாங்க."

"என் வயர் லூஸா இருக்காதுங்க."

"இருந்துச்சேம்மா."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். "சரி விடும்மா, வீட்டுக்குப் போவோம்" என்பதுதான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அந்தக் காரை அக்கு அக்காகப் பிரித்தாள். சிக்னல் போனால் தானாக நிற்கும்படி அதில் ஓர் ஏற்பாடு உண்டு. 'அதைச் சரியா வச்சேனா, இல்லையா?' அதுவே அவளை அரித்தது. கறுப்புப் பெட்டி உள்ளே ஷார்ட் ஆகிக் கருகியிருந்தது. ஆனால் கடலுக்குப் போகும் முன்பே கருகியதா, போன பிறகா என்று எப்படிச் சொல்வது? உள்ளே இருந்த உப்பெல்லாம் கடல் உப்புதானே.

என் மூன்று துளியைப் போர்ட் பிளேர்க் கடல் மூடி மறைத்துவிட்டது. அதைக் கடவுள் எனக்குக் காட்டிய கருணை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "முன்னாலயே ஷார்ட் ஆகணும்னா நான் பத்தவச்ச ஈயந்தான் வழிஞ்சு ஒட்டிருக்கணும். வேற வழியே இல்லக்கா. என் கைதான்."

நான் மோருக்குக் கை நீட்டினேன்.

வளர்ந்த கதை

முதல் வாரம் மார்க்கெட்டில், "ஒரு வயர் லூஸாம்" என்றார்கள். அடுத்த மாதம், "வயரை மாத்திக் குடுத்துட்டாளாம்" என்றார்கள். பிறகு பேட்டரி வெடித்தது, ஒரு பிள்ளைக்குக் கால் பொசுங்கியது என்று ஆயிற்று. பிள்ளையே அங்கே கிடையாது. டீக்கடையில் ஒருவர் என்னிடமே இதைச் சொல்லி, "பொம்பளைக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மொபைல் கடைக்காரர் அவள் கையிலிருந்து ரிப்பேரை வாங்கிக்கொண்டு கவர் விற்கச் சொன்னார். இப்போது அவளை முன்னால் உட்கார வைத்தார். போன் கவர்களுக்கு நடுவில்.

கார்க்காரர்கள் வருவது நின்றது. ஒருநாள் அவள் சாமான்களையெல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டினாள். ஹட் பேயில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வளையல் கடையில் வேலை.

நான் ஏன் சொல்லவில்லை? தீர்த்தத்தால் கெட்டது என்று தெரிந்தால் ஊர் சாமியை அல்லவா ஏளனம் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். வருடக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டு கோயிலுக்கும் போனேன். காவடிகூட எடுத்தேன். சாமிக்கு என் காவல் எதற்கு? நான் காத்துக்கொண்டது என்னைத்தான்.

எத்தனை உத்தரணி

போன பங்குனியில் ஹட் பேக்குக் கப்பல் ஏறினேன். சாந்தியிடம் முதல் நாளே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் என் துணிப்பையைக் கட்டித் தரவில்லை.

கோமதி கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். "வாங்க அத்தான், சொல்லாம கொள்ளாம" என்று டீ போட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலையில் நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எத்தன உத்தரணி?"

"மூணு."

"ஃபேன் மேலயா?"

"ஆமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் முழங்கால் மேல் ஏதோ வயரைப் பிடித்துத் தொடர்கிற மாதிரி நகர்ந்தன. "தண்ணி போர்டுல எறங்கி, சூடேறினதும் ஷார்ட். மோட்டாருக்கு நேரா கரண்ட். ரிசீவருக்குக் கரண்ட் கட். ஸ்டியரிங் செத்துடும். சிக்னலே பாக்க ஆள் இல்ல, எப்படி நிக்கும்?" கண்ணைத் திறந்தாள். "அப்ப நான் சரியாத்தான் வச்சிருந்தேன்."

"ஆமாம்மா."

"என் ஈயம் வழியல."

"இல்லம்மா."

அப்புறம்தான் அழுதாள். நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன். "ஒக்காருங்க" என்றாள். "இத்தன வருஷமா என் கைய நானே நம்பல. அண்ணன் வீட்டு ஃபேன் ரிப்பேர்னாலும் வேற ஆளக் கூப்புடுறேன். தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. கைகூப்பினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டக் கேட்டு என்ன பண்ண? என்னயப் பேசினவங்க அங்க இருக்காங்க. ஒங்க தொடர அங்க எல்லாரும் படிக்கிறாங்கன்னு அக்கா சொல்லிச்சு. அதுல எழுதுங்க." டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தபடி, "அழகா எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க" என்றாள்.

கப்பல் நேரம் வரை அங்கேதான் இருந்தேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அத்தான் என்று கூப்பிடவில்லை.

படிக்கிறவர்களுக்கு

எழுதிவிட்டேன். இனி இது உங்கள் வாயில் இருக்கிறது. ஜங்லிகாட்டில், மார்க்கெட்டில், கப்பலில், யாராவது அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் இதைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும். போன தடவை இந்தக் கதை வாய்க்கு வாய் மாறித்தான் ஒரு பெண்ணின் பிழைப்பைத் தின்றது. ஆகையால் இதில் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பக்தியில் செய்தான், பாவம் என்று எனக்காக ஒரு வரி சேர்க்காதீர்கள். தீர்த்தம் தண்டித்துவிட்டது என்று சாமியை இழுக்காதீர்கள். அவள் மன்னித்துவிட்டாள் என்று நல்லபடியாக முடித்துவைக்காதீர்கள், அவள் மன்னிக்கவில்லை.

கோமதி பூட்டியதில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் விட்டவன் நான். கேட்கிறவருக்கு இரண்டையும் இதே வரிசையில், இதே வார்த்தையில் சொல்லுங்கள்.